மோட்டாரின் மறுபாதி

மின்மோட்டார் பிறந்து ஐம்பது ஆண்டுகள்வரை அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. 1821-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் முனை தோயும்படி தொங்கவிட்ட கம்பி, மின்சாரம் பாய்ந்ததும் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சொன்னால் மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைப்பையில் அடங்கும் அளவில் அதையே சிறிதாகச் செய்து மற்ற அறிவியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். 1832-ல் வில்லியம் ஸ்டர்ஜன், சுழலும் காயிலில் மின்சாரத்தின் திசையை அரைச் சுற்றுக்கு ஒருமுறை மாற்றிவிடும் கம்யூட்டேட்டரைப் பொருத்தினார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லரான தாமஸ் டேவன்போர்ட், இரும்பு ஆலையில் பார்த்த மின்காந்தம் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து வீட்டில் பிரித்துப்போட்டார். கம்பிக்கு உறையாகச் சுற்றப் பட்டு தேவைப்பட்டபோது அவர் மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டாடையையே கிழித்துக் கொடுத்தார் என்பார்கள். 1837-ல் டேவன்போர்ட்டின் மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ரஷ்யாவில் மோரிட்ஸ் யாக்கோபி, நேவா ஆற்றில் மோட்டார் படகு ஓட்டிக் காட்டினார். மோட்டார் முதலில் இழுத்தவற்றுள் ஒன்று படகு என்பது கடற்கரைக்காரர்கள் ரசிக்க வேண்டிய செய்தி. ஆனால் இவர்களில் எவருக்கும் மோட்டார் சோறு போடவில்லை. டேவன்போர்ட் கையிருப்பையெல்லாம் இழந்து நொடித்துப்போனார். மோட்டார் நன்றாகவே சுழன்றது. அதைச் சுழற்றிய பேட்டரிதான் துத்தநாகத்தைத் தின்று தீர்த்தது.

இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் மான்செஸ்டர் பகுதியில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல். நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை வைத்தால் செலவு குறையுமா என்று பார்க்க, மோட்டார்களைத் தானே செய்து, எடையைத் தூக்கவைத்து அளந்தார். 1841-ல் அவர் கண்ட முடிவு இது: ஒரு பவுண்டு நிலக்கரியை எரித்து நல்ல நீராவி எந்திரம் ஒன்று செய்யும் வேலை, ஒரு பவுண்டு துத்தநாகத்தைக் கரைத்து அவருடைய மோட்டார் செய்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நிலக்கரியைவிடத் துத்தநாகம் பல மடங்கு விலை என்பதையும் சேர்த்துக்கொண்டால் மோட்டாரின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியதும் நிலக்கரிதான். 1873-ல் வியன்னா கண்காட்சியில், மின்சாரம் எடுப்பதற்காக கிராம் என்பவர் செய்த டைனமோ ஒன்றை, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவுடன் இணைத்தபோது அது மோட்டாராகச் சுழன்றது. கொள்கை அளவில் முன்பே தெரிந்ததுதான் என்றாலும், தொழில் உலகம் அதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஒரு மூலையில் கரியை எரித்து டைனமோவைச் சுற்றலாம். கம்பிவழியே இன்னொரு மூலையில் புகையில்லாமல் மோட்டார் சுழலும். 1895-ல் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியதும், 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் போனதும் இந்த ஏற்பாட்டில்தான்.

வீட்டில் மின்விசிறி சுத்தமாக ஓடுகிறது என்றால், அதன் அழுக்கை வேறோர் இடம் வாங்கிக்கொள்கிறது என்று பொருள். சென்னையைப் பொறுத்தவரை அந்த வேறோர் இடங்களில் ஒன்று, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம். 450 மெகாவாட் திறன் கொண்ட எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்படும்வரை ஊருக்குப் பக்கத்திலேயே புகைந்தது. கழிமுகத்துக்கு வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் எரிகிறது. 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் பின்னால் வந்தது. சாம்பல் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் படிவதையும், குளிர்விக்கப் பயன்பட்ட நீர் சூடாகவே ஆற்றுக்குத் திரும்புவதையும், அதனால் இறாலும் நண்டும் குறைந்ததையும் இந்தப் பகுதி மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வந்து படகுகளிலும் வலைகளிலும் அப்பியது தனிக் கதை. ஆக, மோட்டாரின் வரலாற்றில் புத்தகங்கள் பேசாத மறுபாதி, நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகளின் கண்ணெதிரில் நிற்கிறது. புத்தகம் பேசும் முதல் பாதியைத்தான் அவர்கள் கையால் தொட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மின்மோட்டார் ஒரு படம், அம்புக்குறி, இடது கையின் மூன்று விரல்கள், ஐந்து மதிப்பெண். அதோடு சரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மோட்டார் ஒன்றின் ஓடும் மாதிரியை இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டும், பள்ளி அதற்கு ஒரு பருவம் முழுக்க இடம் தர வேண்டும் என்பது என் வாதம். பழைய மோட்டார்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய மோட்டாரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை; மூடிய உலோகக் கூட்டிலிருந்து ஓர் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பழையதில் ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையை வெளிப்படையாகச் செய்கிறது. பாரிஸில் கருவிகள் செய்த குஸ்தாவ் ஃப்ரோமான், 1840-களில் செய்த மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக இரும்புப் பட்டைகள். பக்கத்தில் அசையாத மின்காந்தம். பட்டை நெருங்கும்போது மின்சாரம் பாய்ந்து காந்தம் அதை இழுக்கும். பட்டை காந்தத்துக்கு நேர் எதிரே வந்த நொடியில் மின்சாரம் நின்றுவிட வேண்டும். நிற்கத் தவறினால் காந்தம் பட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சக்கரம் நின்றுபோகும். மோட்டாரின் உயிர் இழுப்பதில் மட்டும் இல்லை, விட வேண்டிய நேரத்தில் விடுவதிலும் இருக்கிறது என்பதை எந்தப் படமும் இவ்வளவு கறாராகச் சொல்லாது. மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்ட் தகட்டை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்த்தும் பிள்ளைக்கு அது தானாகவே தெரியும். ஃப்ரோமான் தம் பட்டறையில், அளவுகோல்களில் நுண்ணிய கோடு போடும் எந்திரங்களை இப்படிப்பட்ட மோட்டாரால்தான் ஓட்டினார். காட்சிப் பொருளாக மட்டும் அவர் அதை வைத்திருக்கவில்லை.

இதற்கு வேண்டிய சாமான் திருவொற்றியூர், எண்ணூர் காயலான் கடைகளில் கிடைப்பவைதான். மின்காந்தத்துக்கு ஒரு தடித்த போல்ட், சக்கரத்துக்கு மரப்பலகை, அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, காண்டாக்டுக்கு மெல்லிய செம்புத் தகடு. எனாமல் கம்பியையும் பேட்டரியையும் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். போல்ட்டில்தான் முதல் சிக்கல் வரும். கடினமான எஃகு போல்ட், மின்சாரம் நின்ற பிறகும் காந்தமாகவே இருந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தேனிரும்பு உடனே விட்டுவிடும். போல்ட்டைக் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இரும்பு ஓரளவு மென்மையாகும். பிடித்துக்கொள்ளும் குணமும் குறையும். அடுத்தது கம்பி சுற்றுவது. நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், எனாமல் உரியாமல், ஒரே இழுவிசையில் சுற்ற வேண்டும். முனைகளில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எனாமலை எடுக்க வேண்டும். முடிச்சுக்கு முடிச்சு அளவு மாறாமல் வலை பின்னும் கைகள் இருக்கும் ஊரில் இந்தப் பொறுமையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. காண்டாக்ட் விடுபடும்போதெல்லாம் நீல நிறத்தில் ஒரு சிறு பொறி பறந்து, தகட்டின் முனை கறுக்கும். காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால் அது சும்மா நிற்காது என்ற பாடத்தை, மேல்நிலை வகுப்பில் சமன்பாடாகச் சந்திப்பதற்கு முன்பே பிள்ளை கண்ணால் பார்த்துவிடும்.

இதைவிட எளிதாக ஒன்று இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். ஒரு பேட்டரி, இரண்டு சேஃப்டி பின், ஒரு காந்தம், கம்பி வளையம்: அரவிந்த் குப்தா நாடெங்கும் பரப்பிய மோட்டார். பத்து நிமிடத்தில் சுழலும். அந்த மனிதர் குப்பையிலிருந்து செய்த பொம்மைகள் இந்தியப் பள்ளி அறிவியலுக்குச் செய்த நன்மையை யாரும் குறைத்துப் பேச முடியாது. தொடக்க வகுப்புக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த வளையத்தின் ஒரு முனையில் எனாமலைப் பாதிதான் சுரண்டுகிறோம். அது மின்சாரத்தின் திசையை மாற்றுவதில்லை; பாதிச் சுற்றுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கிறது, மீதிப் பாதியை வளையம் தன் வேகத்தில் கடந்துவிடுகிறது. பாடப்புத்தகமோ, பிளவு வளையம் திசையை மாற்றுகிறது என்று சொல்கிறது. செய்ததும் படித்ததும் வேறு வேறு என்பது பல வகுப்புகளில் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. ஃப்ரோமான் சக்கரத்துக்குப் பிறகு, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தங்களுக்கு நடுவே, இரண்டாகப் பிளந்த செம்புக் குழாயைக் கம்யூட்டேட்டராக வைத்து, ஸ்டர்ஜன் வழியில் இரண்டாவது மோட்டார் ஒன்றைச் செய்தால் இந்த மயக்கம் தீரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மல்டிமீட்டரைச் சேர்த்து, அச்சில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் முள் அசையும். வியன்னாவில் 1873-ல் நடந்தது வீட்டுத் திண்ணையில் தலைகீழாக நடக்கும்: மோட்டார் டைனமோ ஆகும். அத்திப்பட்டில் நீராவி செய்யும் வேலையை இங்கே கை செய்கிறது.

ஆனால் செய்து சுழற்றுவதைவிட அளப்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம் அறிவியல் கண்காட்சிகளில் மோட்டார் சுழன்றால் கைதட்டல் கிடைக்கும். எவ்வளவு வேலை செய்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜூல் கேட்டார். அவர் செய்த அளவையை ஒரு நூலும் எடைக்கல்லும் மல்டிமீட்டரும் இருந்தால் எவரும் செய்துவிடலாம். எடுத்துக்காட்டாக, மோட்டார் 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது செய்த வேலை ஏறத்தாழ ஒரு ஜூல். அதற்கு ஐந்து நொடி ஆகி, அந்நேரம் 3 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் பாய்ந்திருந்தால், பேட்டரி கொடுத்தது 15 ஜூல். பதினைந்து கொடுத்து ஒன்று வாங்கியிருக்கிறோம். மீதி எங்கே போயிற்று? காயிலைத் தொட்டால் சுடும். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கழிமுகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, அனல் மின் நிலையத்தின் வெந்நீர் ஏன் வருகிறது என்பது புரிந்துவிடும். நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு போகிறது. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடுவரை சாம்பல். நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் எங்காவது கொட்டப்பட்டாக வேண்டும். இவையெல்லாம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கையில் வரும்போது எண்கள். சொந்த மோட்டாரை அளந்து பார்த்தவருக்குத் தெரிந்த கணக்கின் பெரிய வடிவம்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் எளிதானது, இது காலாவதியான பொருள் என்பது. ராயபுரம் மின் எஞ்சின் பணிமனையில் நிற்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின்களில் பிரஷ்ஷும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஆறு மும்முனை இண்டக்‌ஷன் மோட்டார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின் ஸ்கூட்டர்களிலும் பிரஷ் கிடையாது. உண்மைதான். ஆனால் ஸ்கூட்டரில் கம்யூட்டேட்டரின் வேலை ஒழிந்துவிடவில்லை. செம்புப் பட்டை செய்ததை மின்னணுச் சுற்று செய்கிறது. எந்தக் காயிலுக்கு எந்த நொடியில் மின்சாரம் தர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற பழைய கேள்விதான் சிப்புக்குள் குடியேறியிருக்கிறது. காண்டாக்ட் தகட்டைக் கையால் நகர்த்திச் சரிசெய்தவருக்கு அந்தச் சிப் என்ன செய்கிறது என்பதை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஆபத்து பற்றிய அச்சம் இன்னும் நியாயமானது. வீட்டு பிளக்கிலிருந்து ஒருபோதும் இணைக்கக் கூடாது. சாதாரண டார்ச் பேட்டரி போதும். பழைய போன்களிலிருந்து எடுத்த லித்தியம் பேட்டரி தப்பித்தவறி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், அது வேண்டாம். ஃபாரடே பாதரசம் பயன்படுத்தினார் என்பதற்காக நாம் அதைத் தொடக் கூடாது. மீனவர் வீடுகளில் படகு எஞ்சினுக்கான எண்ணெய் கேன்கள் இருக்கும். பொறி பறக்கும் மோட்டாரை அதன் அருகே ஓட்டவே கூடாது. இவ்வளவு எச்சரிக்கையோடு செய்தால், வீட்டில் அடுப்பு பற்றவைப்பதைவிட இதில் ஆபத்து குறைவு.

கனமான எதிர்ப்பு வேறொன்று. மீனவர் பிள்ளைகளுக்குக் காயலான் கடைச் சாமானும் கைவேலையும், மற்ற பிள்ளைகளுக்குக் கணினியும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியுமா? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு எதிர்த்து, அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடச் செய்த மாநிலம் இது. இங்கே இந்தச் சந்தேகம் எழுந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் பிள்ளையை அப்பாவின் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. மோட்டார் செய்வது எவருடைய குலத்தொழிலும் இல்லை. வைண்டிங் கடைக்கு ஆள் பிடிப்பதும் இதன் நோக்கமில்லை. ஓம் விதியையும் ஆற்றல் மாறாக் கொள்கையையும் உள்ளே இறக்கும் வழி இது, இதே வேலையை அண்ணா நகரிலும் அடையாறிலும் உள்ள பள்ளிகள் செய்ய வேண்டும் என்பதும் இதில் அடக்கம். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. புகைபோக்கி அவர்கள் கண்ணில் படுவதில்லை. கைவேலை அறிவை மட்டுப்படுத்தும் என்ற எண்ணத்துக்குக் கோவையே பதில். பள்ளிப் படிப்பைத் தொடராத ஜி.டி. நாயுடு, பிரித்துப் பார்த்தே கற்றவர். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் பீளமேட்டில் உருவாக்கியதைத்தான் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்பார்கள். டேவன்போர்ட் காப்புரிமை பெற்று அப்போது சரியாக நூறு ஆண்டு. நாயுடுவைப் போன்றவர் நூற்றாண்டுக்கு ஒருவர்தானே என்று கேட்கலாம். ஆனால் அவருக்குப் பின் கோவையில் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் மேதைகள் அல்லர்.

இதனால் ஆறு சுத்தமாகிவிடுமா என்றால், ஆகாது. சாம்பலை அகற்றும் பொறுப்பு அதைக் கொட்டியவர்களுடையது; எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றுவது அநியாயம். மின் நிலையங்கள் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மெகாவாட் கணக்கைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பவர்கள் பத்துப் பேர் கூடுதலாக இருப்பார்கள் என்பதற்கு மேல் நான் எதையும் வாக்களிக்கவில்லை. அதற்கே இப்போது கிராமம் வெளியிலிருந்து வரும் தன்னார்வலர்களை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இதற்குப் புதிதாகத் திட்டம் எதுவும் அறிவிக்க வேண்டியதில்லை. 2022-ல் அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுவந்தது. மோட்டார் பாடமோ ஒன்பதில் வருகிறது. செய்து பார்க்கும் பழக்கம் அதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிடுகிறது. அதை இரண்டு வகுப்பு நீட்டித்தால் போதும். சொல்லித்தர ஆளில்லை என்பதும் இந்தப் பகுதியில் செல்லாது. காயில் கட்டும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். 2017-ல் மூடிய நிலையத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொண்டவர்கள் ஓய்வுபெற்று இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, போக்குவரத்துச் செலவோடு ஒரு மதிப்பூதியமும் தரலாம். ஆண்டு இறுதிக் கண்காட்சியில் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதற்குப் பரிசு வேண்டாம். ஒவ்வொரு மோட்டாரின் அருகிலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லலாம்: எத்தனை கிராம், எவ்வளவு உயரம், எத்தனை ஜூல் செலவில், மீதி எங்கே போயிற்று.